சைல்ட்மைண்டரின் பதிவு இடைநிறுத்தப்படும்போது: இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் சைல்ட்மைண்டரிடம் பிள்ளைகளை விட்டு வேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெற்றோருக்கு,

ஒரு சைல்ட்மைண்டர் தொடர்ந்து பிள்ளைகளைப் பார்த்தால் ஏதேனும் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேரக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், கண்காணிப்பு அமைப்பான ஆஃப்ஸ்டெட் அவருடைய வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். இதுவே பதிவு இடைநிறுத்தம். 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டமும் அதன்கீழ் 2008இல் வந்த விதிகளும் இந்த அதிகாரத்தைத் தருகின்றன. பெற்றோருக்கு இதில் முன்னறிவிப்புக் காலம் என்று ஒன்று கிடையாது. செவ்வாய் மாலை பிள்ளையைக் கூட்டிச் சென்ற தாய், புதன் காலை அதே வாசலில் பிள்ளையை விட முடியாமல் போகலாம்.

8 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பணம் பெற்றுக்கொண்டு, ஒரு வீட்டில் நாளொன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பார்ப்பவர் ஆஃப்ஸ்டெட்டிலோ, அதன் அங்கீகாரம் பெற்ற சைல்ட்மைண்டர் முகமையிலோ பதிவுசெய்திருக்க வேண்டும். பதிவு நிறுத்தப்பட்ட பிறகும் அவர் அந்த வேலையைத் தொடர்ந்தால் அது குற்றம். அவருடைய உதவியாளரும் அந்தப் பதிவின் பெயரிலேயே வேலை செய்பவர் என்பதால் அவராலும் பிள்ளைகளைப் பார்க்க முடியாது. ஆகவே, “இன்று ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா” என்று கேட்பது, எவ்வளவு தவிப்பில் கேட்டாலும், அவரைச் சட்டத்தை மீறச் சொல்வதாகும். பிள்ளைக்கு இருக்கக்கூடிய ஆபத்தும் அதனால் நீங்கிவிடாது.

இடைநிறுத்தத்துக்குக் காரணங்கள் பல. சைல்ட்மைண்டர்மீது ஒரு புகார் வந்திருக்கலாம். ஒரு பிள்ளையின் உடலில் விளக்கமில்லாத காயம் காணப்பட்டிருக்கலாம். வீட்டின் நிலை பிள்ளைகளுக்கு ஆபத்தானதாக மாறியிருக்கலாம். சந்தேகம் சைல்ட்மைண்டர்மீதே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அந்த வீட்டில் வசிக்கும் 16 வயது நிறைந்த ஒவ்வொருவரும் பின்னணிச் சோதனைக்கு உட்பட்டவர்கள்; அவர்களில் ஒருவர்மீது வந்த தகவலும் பதிவை நிறுத்தப் போதும். இத்தகைய புகார்களில் கவுன்சிலின் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி, சமூக சேவைப் பிரிவு, தேவைப்பட்டால் காவல்துறை ஆகியோர் ஆஃப்ஸ்டெட்டுடன் சேர்ந்து, யார் எதை விசாரிப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

சட்டம் கேட்கும் அளவுகோல் இங்கே முக்கியமானது. தீங்கு நடந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நடக்கக்கூடும் என்ற நியாயமான நம்பிக்கை போதும். பேச்சு வராத பிள்ளைகள் தமக்கு நேர்ந்ததைத் தாமே சொல்ல முடியாது; அளவுகோலும் தாழ்வாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் இடைநிறுத்தச் செய்தியிலிருந்து “அவர் குற்றவாளி” என்ற முடிவுக்கும் வர முடியாது, “யாரோ பொறாமையில் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்” என்ற முடிவுக்கும் வர முடியாது. இந்த அதிகாரத்தைக் கேள்வி இல்லாமல் நீட்டவும் முடியாது. விசாரணையின் முடிவில் மேல்நடவடிக்கை தேவைப்படும் என்று எதிர்பார்க்க இடம் இருக்கும் வரைதான் இடைநிறுத்தம் நியாயமாகும் என்று மேல் தீர்ப்பாயம் 2009இல் ஒரு வழக்கில் விளக்கியது. விசாரணைக்கு அவகாசம் தருவதும், அந்த அவகாசத்தில் பிள்ளைகளை விலக்கி வைப்பதுமே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

கால அளவை அறிந்து வைத்துக்கொண்டால் திட்டமிட முடியும். முதல் இடைநிறுத்தம் 6 வாரங்கள் வரை செல்லும். அதே சூழ்நிலையின் பேரில் இன்னும் 6 வாரங்கள் நீட்டி, மொத்தம் 12 வாரங்கள் ஆக்கலாம். விசாரணையையோ ஆபத்தைக் குறைக்கும் வேலையையோ அதற்குள் முடிப்பது நடைமுறையில் இயலாதபோது மட்டும் 12 வாரங்களையும் தாண்டலாம். ஆபத்து இல்லை என்று தெரிந்தால் இடையிலேயே எந்த நாளிலும் நீக்கப்படும். சைல்ட்மைண்டர் 10 வேலை நாள்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்; அந்த வழக்கு நடக்கும்போதும் இடைநிறுத்தம் தொடரும். “இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்” என்று காத்திருக்கும் குடும்பம் ஒவ்வொரு காலையும் புதிதாகத் தவிக்கும். முதல் நாளிலேயே 6 வாரங்களுக்கு ஏற்பாடு செய்து, 12 வாரங்களுக்கும் மனத்தைத் தயார்செய்யும் குடும்பத்துக்கு, முன்கூட்டியே வரும் நல்ல செய்தி இலாபமாக அமையும்.

செய்தி பெரும்பாலும் சைல்ட்மைண்டரிடமிருந்தே வருகிறது. அதை உறுதிசெய்ய ஆஃப்ஸ்டெட்டின் இணையதளத்தில் அவருடைய பக்கத்தைப் பார்க்கலாம். 0300 123 1231 என்ற எண்ணிலும் கேட்கலாம். இடைநிறுத்தம் பற்றிக் கவுன்சிலுக்கும் தெரிவிக்கப்படுகிறது. ஆனால் என்ன புகார், யார் சொன்னது, எந்தப் பிள்ளை என்ற கேள்விகளுக்கு விசாரணை முடியும் வரை பதில் கிடைப்பது அரிது. அந்த மௌனம் பெற்றோரை வாட்டும். எனினும், அதே மௌனம்தான் புகாரில் உள்ள பிள்ளையின் அடையாளத்தையும் சாட்சியத்தையும் காக்கிறது. தன் பிள்ளை விசாரணையோடு தொடர்புடையதா, பிள்ளையிடம் யாரேனும் பேச வேண்டியிருக்கிறதா, வீட்டில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா என்ற மூன்றையும் எந்தப் பெற்றோரும் அதிகாரிகளிடம் நேராகக் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளை. செய்தி கேட்டதும் பெற்றோர் மனத்தில் எழும் முதல் கேள்வி, “என் பிள்ளைக்கு ஏதும் நடந்ததா?” என்பது. அந்தப் பதற்றத்தில் பிள்ளையை மடியில் இருத்தி, “அன்ரி அடித்தாவா? எங்கே தொட்டார்கள்?” என்று அடுக்கிக் கேட்பது இயல்பாக வரும், அதையே தவிர்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் பெரியவர்கள் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லக்கூடியவர்கள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், பிள்ளையின் நினைவும் குழம்பும், பின்னால் அந்தச் சாட்சியத்தின் மதிப்பும் குறையும். “இன்றைக்கு எப்படி இருந்தது?” “பிறகு என்ன நடந்தது?” போன்ற திறந்த கேள்விகளே போதும். பிள்ளை தானாக ஏதும் சொன்னால் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. சொன்னது நல்லது என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு, பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே தேதி, நேரத்துடன் எழுதி வைக்க வேண்டும். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதுவது அவசியம். பெற்றோர் ஆங்கிலத்தில் மாற்றி எழுதும்போது ‘தள்ளினா’ என்பது ‘அடித்தா’ என்று ஆகிவிடலாம். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது அதிகாரிகளின் வேலை. கவலைக்குரிய ஒன்றைப் பிள்ளை சொன்னால் கவுன்சிலின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்கோ, குழந்தைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனமான என்.எஸ்.பி.சி.சி.யின் 0808 800 5000 என்ற எண்ணுக்கோ, காவல்துறையின் 101க்கோ சொல்லலாம். உடனடி ஆபத்து என்றால் 999.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு உடனே தெரியும் இழப்பு வேறு. காலையில் போகும் வீடு இல்லை. சோறு ஊட்டியவர் இல்லை. கூட விளையாடிய பிள்ளை இல்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அந்த முகம் அம்மா, அப்பாவுக்கு அடுத்த முகம். தமிழ் பேசும் சைல்ட்மைண்டராக இருந்தால், பகல் முழுதும் காதில் விழுந்த தாய்மொழியும் சேர்ந்தே போகிறது. தூக்கம் கெடுவதும், உணவை மறுப்பதும், பழகிய கழிவறைப் பழக்கம் பின்னோக்கிப் போவதும் இத்தகைய மாற்றத்தில் வழக்கம். அவற்றை மட்டும் வைத்துத் தீங்கு நடந்ததாக முடிவுகட்ட முடியாது. அவை நீடித்தாலோ கூடினாலோ ஹெல்த் விசிட்டரிடமோ குடும்ப மருத்துவரிடமோ சொல்ல வேண்டும். பிள்ளைக்கு உண்மையைச் சின்னதாகச் சொல்லலாம்: “அன்ரியால் இப்போது பிள்ளைகளைப் பார்க்க முடியாது. பெரியவர்கள் அதைக் கவனிக்கிறார்கள். நீ ஒன்றும் செய்யவில்லை.” கடைசி வாக்கியத்தை ஒரு தடவைக்கு மேல் சொல்ல வேண்டியிருக்கும். சைல்ட்மைண்டருக்கு உடல்நலமில்லை என்று பொய் சொல்வது அப்போதைக்கு எளிது. பின்னால் அவிழ்ப்பது கடினம்.

அடுத்தது, நாளைக் காலை பிள்ளையை யார் பார்ப்பது என்பது. தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், பிள்ளையின் அண்ணன் அக்கா ஆகியோர் சட்டத்தின் பார்வையில் உறவினர். அவர்கள் பணம் பெற்றாலும் பதிவு தேவையில்லை. திருமணத்தால் வந்த மாமா, மாமிக்கும் இது பொருந்தும். தமிழ்க் குடும்பங்கள் தடுமாறும் இடம் இதற்கு அப்பால் இருக்கிறது. ஊர்முறையில் சித்தியாகவும் பெரியம்மாவாகவும் அழைக்கப்படுபவர் சட்டத்தில் உறவினர் அல்லர். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையும் அப்படியே. அவர் தம் வீட்டில் பணம் பெற்று நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் பிள்ளையைப் பார்த்தால், அது பதிவில்லாத சைல்ட்மைண்டிங் ஆகிவிடும். நண்பர்கள் பணமின்றி மாறிமாறிப் பார்ப்பது வேறு. 2009இல், வேலையைப் பகிர்ந்து செய்த இரண்டு பெண் காவலர்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொண்டதற்கும் பதிவு வேண்டும் என்று ஆஃப்ஸ்டெட் சொன்னது பெரும் விவாதமானது. அதன் பின்னர் இத்தகைய பரிமாற்றத்துக்குப் பதிவு வேண்டாம் என்று அரசு தெளிவுபடுத்தியது. ஆகவே அதே சைல்ட்மைண்டரிடம் பிள்ளையை விட்ட இரண்டு குடும்பங்கள், வேலை நாள்களைப் பகிர்ந்துகொண்டு மாறிமாறிப் பார்ப்பது நல்ல முதலுதவி.

நீடித்த இடத்தைத் தேடக் கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையே முதல் வாசல். பிள்ளைப் பராமரிப்புப் பற்றிய தகவலைப் பெற்றோருக்குத் தருவது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. ஒரே நேரத்தில் பல பெற்றோர் இடம் தேடுவார்கள் என்பதால் அன்றைக்கே அழைப்பது நல்லது. இடம் எளிதில் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. ஒரு சைல்ட்மைண்டர் 8 வயதுக்கு உட்பட்ட 6 பிள்ளைகளை மட்டுமே பார்க்கலாம். அவர்களில் 5 வயதுக்கு உட்பட்டவர் பொதுவாக 3 பேர். ஒரு வயது நிறையாத குழந்தை ஒன்று. 2010களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 50,000க்கும் மேல் இருந்த சைல்ட்மைண்டர்கள் 2024இல் 30,000க்கும் கீழே குறைந்துவிட்டார்கள். நர்சரியின் தற்காலிக இடம், பள்ளிப் பிள்ளைக்குக் காலை உணவு கிளப், மாலை கிளப், பிள்ளையின் சொந்த வீட்டுக்கே வந்து பார்க்கும் நானி என்று தேடலை விரிக்க வேண்டியிருக்கும். பிள்ளையின் வீட்டிலேயே வேலை செய்யும் நானிக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் அவர் விரும்பிப் பதிவுசெய்திருந்தால்தான் அரசின் கட்டண உதவி அவருக்குச் செல்லும். சம்பளம் கொடுக்கும் பெற்றோர் முதலாளியாகி வரிக் கணக்கும் வைக்க வேண்டும்.

அவசரத்திலும் விடக்கூடாத சோதனைகள் சில: பதிவு எண், ஆஃப்ஸ்டெட் அறிக்கை, குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ், காப்பீடு, வீட்டில் வசிப்போர் யார் யார் என்பது. ஒவ்வாமை, மருந்து, கூட்டிச்செல்ல அனுமதி பெற்றவர் பெயர் ஆகியவற்றை முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரமாவது பெற்றோர் உடனிருந்து பிள்ளையைப் பழக்குவதும், பழைய வீட்டில் தூங்கிய போர்வையைக் கூடக் கொடுத்தனுப்புவதும் சிறு செயல்கள்தாம். பிள்ளைக்கு அவை பெரிய துணை.

வேலையிடத்தில் பெற்றோருக்கு உரிமை உண்டு. 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 57ஏ பிரிவு, பிள்ளைப் பராமரிப்பு ஏற்பாடு எதிர்பாராமல் குலைந்தால் நியாயமான அளவு விடுப்பு எடுக்க ஊழியருக்கு அனுமதி தருகிறது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இது பொருந்தும். இதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது. ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் சம்பளம் கிடையாது. காரணத்தையும், எவ்வளவு நாள் என்பதையும் கூடிய விரைவில் மேலாளரிடம் சொல்ல வேண்டும். சட்டம் நாள் கணக்குச் சொல்லவில்லை. மாற்று ஏற்பாடு செய்து முடிக்கும் நேரத்துக்கே இந்த விடுப்பு என்பதால் வழக்கமாக ஓரிரு நாள்கள்தான் அமையும். “முன்பே தெரிந்ததுதானே” என்று மறுப்பதற்கும் எல்லை உண்டு. சைல்ட்மைண்டர் குறித்த ஒரு நாளில் வர முடியாது என்று இரண்டு வாரம் முன்பே தெரிந்திருந்த ஒரு தாயின் வழக்கில், அந்த விடுப்பும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2008இல் தீர்ப்பளித்தது. 6 வாரத் தேவைக்கு வேறு வழிகளும் சேர வேண்டும்: ஆண்டு விடுப்பு; ஒவ்வொரு பிள்ளைக்கும் மொத்தம் 18 வாரங்கள், ஆண்டுக்கு 4 வாரங்கள் வரை கிடைக்கும் சம்பளமில்லாப் பெற்றோர் விடுப்பு; நேரத்தையோ இடத்தையோ மாற்றக் கோரும் விண்ணப்பம். பெற்றோர் விடுப்புக்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முதலாளி விரும்பினால் அதைத் தளர்த்தலாம். நேர மாற்றக் கோரிக்கையை 2024 ஏப்ரல் 6 முதல் வேலையின் முதல் நாளிலேயே வைக்கலாம். தாய் மட்டுமே வீட்டில் நிற்பது என்று பேச்சில்லாமல் முடிவாகிவிடும் குடும்பங்கள் உண்டு. இந்த உரிமைகள் தந்தைக்கும் சமமானவை. வாரத்தை இருவரும் பிரித்துக்கொண்டால் ஒருவர் வேலை மட்டும் ஆட்டங்காணாது.

பணத்தில் மூன்று கணக்குகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, சைல்ட்மைண்டருடனான ஒப்பந்தம். சேவை தர முடியாத நாள்களுக்குக் கட்டணம் உண்டா, முன்பணம் என்னாகும், விலக எத்தனை வார அறிவிப்பு என்பவை அதில் இருக்கும். தரப்படாத சேவைக்கும் பணம் கேட்கும் வாசகம், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி நியாயமற்றதாகக் கருதப்படக்கூடும். சொல்லாமல் பணத்தை நிறுத்துவதைவிட, எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுவது இரு தரப்புக்கும் நல்லது. இரண்டாவது, அரசு தரும் இலவசப் பராமரிப்பு மணி நேரம். 2025 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள வேலை செய்யும் பெற்றோரின் 9 மாதம் நிறைந்த பிள்ளைகளுக்கு வாரம் 30 மணி நேரம், ஆண்டில் 38 வாரங்கள் கிடைக்கிறது. அந்தத் தொகையைக் கவுன்சில் பராமரிப்பாளருக்குச் செலுத்துகிறது. பருவத்தின் நடுவில் அதைப் புதிய இடத்துக்கு மாற்றும் வழியைக் கவுன்சிலிடமே கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தகுதியை உறுதிசெய்யும் நாளை இந்தக் குழப்பத்தில் தவறவிடக் கூடாது. மூன்றாவது, கட்டண உதவி. டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கில் பெற்றோர் போடும் ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 பவுண்டு சேர்க்கிறது. பிள்ளைக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரை. யுனிவர்சல் கிரெடிட் பெறுவோருக்குச் செலவில் 85 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கலாம். இரண்டுமே பதிவுபெற்ற பராமரிப்புக்குத்தான் பொருந்தும். ஆகவே பராமரிப்பாளர் மாறியதையும் கட்டணம் மாறியதையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

ஊர்ப்பேச்சு இன்னொரு சுமை. ஒரே கோயில், ஒரே தமிழ்ப் பள்ளி, ஒரே வாட்ஸ்அப் குழு என்று வாழும் சமூகத்தில் செய்தி அரை நாளில் பரவும். குழுவில் எழுதப்படும் ஊகம், புகாரில் உள்ள பிள்ளையை அடையாளம் காட்டிவிடலாம்; சாட்சிகளின் நினைவைக் கலைக்கலாம்; பொய்யானால் அவதூறு வழக்குக்கும் இடம் தரலாம். அதேபோல், சைல்ட்மைண்டர் நல்லவர் என்று கையெழுத்துத் திரட்டுவது, ஒருவேளை புகார் சொன்ன பிள்ளையின் குடும்பத்தைத் தனிமைப்படுத்தும். அவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ தெரிந்த பெற்றோர் அதை விசாரிப்பவரிடம் சொல்லலாம். பழகிய மனிதர் என்ற முறையில் அவருக்கு நலம் விசாரித்து ஒரு வரி அனுப்புவதில் தவறில்லை, அதிகாரிகள் தொடர்பு வேண்டாம் என்று சொல்லாத வரை. புகாரைப் பற்றி மட்டும் பேசக் கூடாது.

இவற்றுக்கு நடுவே பெற்றோர் பலர் தம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். “நான் கவனிக்கவில்லையே” என்று இரவில் விழித்திருக்கிறார்கள். பதிவைப் பார்த்து, அறிக்கையைப் படித்து, வீட்டை நேரில் கண்டு பிள்ளையை விட்டவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தவர்கள். இடைநிறுத்தம் வந்ததே, அந்தப் பதிவு முறை பிள்ளைகளின்மேல் கண் வைத்திருந்தது என்பதற்கு அடையாளம்.

முடிவு பல வழிகளில் வரலாம். ஆபத்து இல்லை என்று கண்டால் இடைநிறுத்தம் நீங்கும்; சைல்ட்மைண்டர் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். சில திருத்தங்களைக் குறித்த நாளுக்குள் செய்யும்படி உத்தரவிட்டோ, பதிவுக்கு நிபந்தனை சேர்த்தோ நீக்கப்படலாம். பதிவை ரத்துசெய்யும் எண்ணத்துடன் அறிவிப்பும் வரலாம். அதற்குத் தனி நடைமுறையும் மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. கடும் ஆபத்து இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவின் மூலம் பதிவு உடனடியாக ரத்தாகலாம். இடைநிறுத்தம் நீங்கியதும் எல்லாப் பெற்றோரும் திரும்பிச் செல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். திரும்ப விரும்புவோர், என்ன மாறியது, இனி என்ன செய்யப்படும் என்று சைல்ட்மைண்டரிடம் நேராகக் கேட்கலாம்; பிள்ளையை அரை நாளாகத் தொடங்கிப் பழக்கலாம். திரும்பாதவர் ஒப்பந்தப்படி எழுத்தில் அறிவித்து, பிள்ளையின் உடைகளையும் பொம்மைகளையும் வளர்ச்சிக் குறிப்பேட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தடை ஏதும் இல்லாத நிலையில், பிள்ளை கையால் வரைந்த ஒரு படத்தைக் கொடுத்து விடைபெறச் செய்வது நல்லது. பழகிய ஒருவர் சொல்லாமல் மறைந்துபோகவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.